உன் திரை செய்யாத குற்றம்

தம்பி,

நீ கடைக்குக் கிளம்பிப் போன பிறகு சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பன் இந்தத் தேயிலை எஸ்டேட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரில் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் மூன்று நாளாக முயற்சி செய்தேன். நீ சாப்பிட உட்காரும்போது வாயெடுப்பேன், நீ நிமிர்ந்து பார்ப்பாய், நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா என்று கேட்டுவிடுவேன். எனக்கு அறுபத்தொன்று ஆகிவிட்டது. உடம்பு அலுத்துப்போனது ஒரு பக்கம், ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டே நடந்து அலுத்துப்போனது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் இனிமேல் தாங்க முடியாது போலிருக்கிறது. வேறு யாராவது இதைப் படித்தாலும் பரவாயில்லை. லோரி ஓட்டுகிறவர்கள் படித்தால் நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை வினோத் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் உன்னோடு படித்து, உன்னோடு கேம் விளையாடி, இப்போது பினாங்கில் மானிட்டர் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறானே, அந்த வினோத். நீ தானா ராத்தா டவுனில் கைப்பேசிக் கடையில் இருந்தாய். உன் அம்மாவும் எஸ்டேட் தேநீர்க் கடையில் வேலைக்குப் போயிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசினான். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், நான் உங்களப் பாக்கத்தான் வந்தேன். அவன் இருக்கிறப்ப வந்தா பேச விடமாட்டான்" என்றான்.

"என்னய்யா விஷயம்?"

"எங்க டிப்பார்ட்மெண்ட்ல ஸ்கிரீன் டெஸ்ட் பண்றதுக்கு ஆள் கேட்டாங்க. நான் இவன் பேர சொன்னேன். மேனேஜர் போன்ல ஒரு மணி நேரம் பேசினாரு. சர்டிபிகேட் இல்லாட்டியும் பரவால்ல, இந்த மாதிரி கண்ணு யாருக்கும் இல்ல, வரச் சொல்லுன்னாரு. இவன் வேணாம்னுட்டான் லா."

"ஏனாம்?"

வினோத் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கப்பாவுக்கு என்னால ஒரு தடவ ஆனது போதும், அந்த லைட்டு பக்கமே போகமாட்டேன்னு சொல்றான். நீங்க சொன்னா கேப்பான் அங்கிள். மாசக் கடைசி வரைக்கும் வேற ஆள் எடுக்கமாட்டாங்க."

அவனைப் பஸ் நிற்கும் இடம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைய மனசு வரவில்லை. எஸ்டேட் ரோட்டில் பாக்டரி வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். ஒன்பது வருஷமாக நீ அதை மனசில் வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்தான். தெரியும். நீ சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாத மாதிரி இருந்துகொள்ளலாம் என்று இருந்தேன்.

உனக்குப் பதினேழு வயசு அப்போது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கிற கடையில் வேலை செய்து, ஒரு வருஷம் சேர்த்து, ஈப்போவில் யாரோ ஒருவர் பாவித்த மானிட்டரை வாங்கினாய். பெட்டிகூட இல்லை. போர்வையில் சுற்றி, அத்தனை வளைவு ரோட்டிலும் மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாய். இறங்கும்போது கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து உன் அம்மா பயந்துவிட்டாள். பழைய மானிட்டரையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு சின்னக் கார் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் ஓடுகிற படத்தை இரண்டிலும் ஓடவிட்டு, "வித்தியாசம் தெரியுதாம்மா?" என்று கேட்டாய். "ரெண்டும் ஒன்னாத்தான்யா ஓடுது" என்றாள். நான் பார்க்கக்கூட இல்லை. பையன் இத்தனை நாள் உழைத்த காசை இப்படி விட்டுவிட்டானே என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அது முதல் தப்பு. சின்னத் தப்புதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் மழை. வெளியே போக வழியில்லை. உன் பின்னால் வந்து நின்று, "அப்படி என்னதான்யா இருக்கு இதுல?" என்று கேட்டேன். சும்மா பொழுது போவதற்காகக் கேட்டேன். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாய். "அப்பா, ஸ்கிரீன்ல எதுவும் நெசமா ஓடறதில்ல. ஒரு படம் வந்து நிக்கும், அப்புறம் அடுத்த படம் வந்து நிக்கும். ஆனா உங்க கண்ணு நிக்காது, காரு கூடவே ஓடிக்கிட்டு இருக்கும். படம் நிக்குது, கண்ணு ஓடுது. அதனாலதான் இழுத்து விட்ட மாதிரி மங்கலாத் தெரியுது. மங்கல் ஸ்கிரீன்ல இல்லப்பா, நம்ம கண்ணுல இருக்கு" என்றாய். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, லோரியில் போகும்போது ஒரே ஒரு தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் திருப்பினால் இலை இலையாகத் தெரிகிறது, கண்ணை அசைக்காமல் வைத்துக்கொண்டால் வரிசையெல்லாம் பச்சைக் கோடாகப் போய்விடுகிறது, அது மாதிரியா என்று கேட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அதேதான்ப்பா. அதத் திருப்பிப் போட்டா இதுதான்" என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாய். நீ பெரியவனான பிறகு என்னை அப்படித் தொட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஒரு பாடம் நடக்கும். விளையாட்டில் சட்டென்று திரும்பினால் எதிரி நிற்கிற இடம் மங்கிப்போகிறது, அந்த ஒரு நொடிக்குள் அவன் சுட்டுவிடுகிறான் என்பாய். வினாடிக்கு அறுபது படம் போதாது, நூற்று நாற்பத்து நான்கு வேண்டும் என்பாய். அதுவும் போதாமல், திரைக்குப் பின்னால் இருக்கிற விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இமைப்பொழுது மட்டும் எரியவிட்டு அணைக்கிற ஒரு முறை இருக்கிறது, படம் கொஞ்சம் இருட்டாகும், ஆனால் ஓடுகிற பொருள் நிற்கிற பொருள் மாதிரி கூர்மையாக இருக்கும் என்று கண்டுபிடித்து வந்தாய். அதைச் சரிப்படுத்த எத்தனை வாரம் உட்கார்ந்தாய். காருக்குப் பின்னால் நிழல் மாதிரி இன்னொரு கார் தெரிகிறது என்று, விளக்கு எரிகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, அந்த நிழலைத் திரையின் அடிவரை துரத்திக்கொண்டு போனாய். எங்கெங்கோ வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உன்னிடம் கேட்டு எழுதுவார்கள், நீ பதில் எழுதுவாய். எனக்குப் பாதி புரியாது. ஆனால் நீ பேசும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இனி என்னைப் பற்றி எழுத வேண்டும். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது, மழையில் ஈரமாகிக் கிடந்த லோரித் தட்டிலிருந்து வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதே, ஞாபகம் இருக்கிறதா? ஆறு தையல் போட்டு வந்தேன். அது ஆறிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, பாக்டரிக்குப் பின்னால் தனியாக இருக்கும்போது எனக்கு வலிப்பு வந்தது. கண் விழித்தபோது சட்டையெல்லாம் மண். யாரும் பார்க்கவில்லை. எஸ்டேட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். காலையும் இரவும் மாத்திரை போட வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் காலையில் லோரியை எடுத்தேன்.

ஏன் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. உன் அம்மாவுக்கு அப்போது வேலை இல்லை. இப்படி எழுதும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருந்தால் ஒருவேளை பாக்டரிக்குள் ஒரு வேலை கொடுத்திருப்பார். நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. பயம் முதலில் வந்தது, நியாயத்தைப் பிறகுதான் தேடிப் பிடித்தேன். உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று அவள் எத்தனையோ முறை கெஞ்சினாள். ஒவ்வொரு முறையும் நான்தான் சத்தம் போட்டு அவள் வாயை அடைத்தேன். கோபப்படுவதென்றால் என் மேல் படு, அவள் மேல் வேண்டாம்.

மாத்திரை போட்டால் தூக்கம் தள்ளும். கொழுந்து அதிகமாக வருகிற மாதங்களில் ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை ஓட்ட வேண்டியிருக்கும். அந்த வளைவுகளில் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று பயந்து, மாத்திரையை நிறுத்திவிடுவேன். நீ மானிட்டர் வாங்கிய அந்த வருஷம் பள்ளி விடுமுறையின்போது நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "இப்ப பாருங்கப்பா, நிழலே இல்ல" என்றாய். பார்த்தேன். அந்தக் கார் அத்தனை வேகத்தில் ஓடியும் அதன் நம்பரை என்னால் வாசிக்க முடிந்தது. அதைச் சொல்லத்தான் உன் பக்கம் திரும்பினேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது தரை. வாயில் ரத்தம். நீ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா, ஆஃப் பண்ணிட்டேன்ப்பா, ஆஃப் பண்ணிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். சுவரிலிருந்து பிடுங்கிய ஒயர் உன் கையில் இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார், இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று. உன் அம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்றேன். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். "மகனோட கேம் ஸ்கிரீன பாத்துக்கிட்டு இருந்தேன் டாக்டர். உள்ள லைட்டு விட்டு விட்டு எரியும்" என்றேன். அவர் உன்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். நீ அந்த விளக்கைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னாய். சிலருக்கு மின்னுகிற வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற வரை அதன் பக்கம் போக வேண்டாம் என்றார். நான் சொன்னதை நம்பிச் சொன்ன மனிதர், அவர் மேல் குற்றமில்லை. நீ மருந்து வாங்கப் போனபோது என்ன வேலை என்று கேட்டார். பாக்டரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை என்றேன். ஸ்கேனுக்குக் கொடுத்த தேதியில் நான் ஈப்போவுக்குப் போகவே இல்லை, போய்விட்டு வந்ததாக உன்னிடம் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன் தம்பி, அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. கேம் பார்த்து மயங்கி விழுந்த ஆள் லோரி ஓட்டலாம், வலிப்பு நோயாளி ஓட்ட முடியாது. லைனில் எல்லாரும் பேசினார்கள், பையன் கேம் விளையாடி அப்பனுக்கு இழுத்துவிட்டது என்று. உன் காதுபடப் பேசினார்கள். நான் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நீ அந்த மானிட்டரை வினோத்திடம் கொடுத்துவிட்டாய்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஓட்டினேன். அப்புறம் ஒரு காலை, தோட்ட வேலையாட்கள் ஏழு பேர் பின்னால் கொழுந்து மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். காலில் அடிபட்டிருந்த ஒரு நேப்பாளப் பையனை முன்னால் என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். எஸ்டேட் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எனக்கு எத்தனை நொடி நினைவு இல்லை என்று தெரியாது. நினைவு வந்தபோது லோரி மேட்டில் இடித்து நின்றிருந்தது. ஸ்டியரிங்கில் அவன் கை இருந்தது. பின்னால் இருந்தவர்கள் இறங்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யாருக்கும் பெரிய அடி இல்லை. அவன் மட்டும் என்னிடம் குனிந்து மெதுவாக மலாயில், "தூங்கிட்டீங்களா பாக்சிக்?" என்று மாமாவிடம் கேட்கிற மாதிரி கேட்டான். ஆமாம் என்றேன். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பையனின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.

மறுநாள் சாவியைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தேன். அங்கேயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கண் சரியில்லை, மங்கலாகத் தெரிகிறது என்றேன். இலை நிறுக்கிற இடத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள், கேட்டவுடனே கொடுத்தார்கள். அன்றிலிருந்து இன்று வரை ஒரு வேளை மாத்திரை விட்டதில்லை, வலிப்பும் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து உன்னிடமும் அதே கண் கதையைத்தான் சொன்னேன். நீ என் கைப்பேசியை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாய். உன் ஸ்கிரீன்தான் என் கண்ணையும் கெடுத்தது என்று நீ நினைத்துக்கொண்டாய் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. அந்த வருஷம் ஈப்போவில் போலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக் படிக்க இடம் கிடைத்தும் நீ போகவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி, உடைந்த கைப்பேசித் திரைகளை மாற்றுகிற வேலைக்குப் போனாய்.

நேற்று நான் மருத்துவமனைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது இருக்கிறவர் இளம் பெண், நம் ஆள்தான். முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டார். "அந்த ஸ்கிரீன் காரணமா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். "பத்து நாளா மாத்திரை இல்லாம இருந்திருக்கீங்க, அதுவே போதும். ஸ்கிரீன எதுக்குத் தேடறீங்க?" என்றார். அவ்வளவு வேகமாக எரிந்து அணைகிற விளக்கால் இப்படி வருவது அபூர்வம் என்றும் சொன்னார். பிறகு, "உங்க மகனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்பதால் இரண்டொரு வார்த்தை வருகிறது. நாளைக்கு உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், கட்டிக்கொண்டவளிடம் சொல்வது போதாது, வேலை கொடுத்தவரிடமும் சொல்லு. போனால் வேலை போகட்டும். வேலையைக் காப்பாற்ற நினைத்து ஏழு பேரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நான் ஓட்டியது எப்போதாவது கனவில் வந்தால், மறுநாள் முழுக்க எனக்குச் சோறு இறங்காது. இன்னொன்று. உன்னை நேசிக்கிறவன் சொல்கிறான் என்பதற்காக ஒரு பழியை ஏற்றுக்கொள்ளாதே. ஒரு சின்ன நிழல் ஏன் விழுகிறது என்று வாரக்கணக்கில் தேடியவன் நீ. என் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை அப்படியே நம்பினாய், ஏனென்றால் சொன்னது அப்பன்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. மாத்திரை இருக்கிறது, உன் அம்மா இருக்கிறாள், பினாங்கு ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை.

இதுவரை எழுதி, உன் அம்மா வேலை விட்டு வந்ததும் படிக்கக் கொடுத்தேன். கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு என்னிடம் நீட்டி, "அவன் உங்கள ஒன்னு கேட்டான்ல. அத எழுதலயே" என்றாள்.

ஆமாம், எழுதவில்லை. விட்டுவிடலாம் என்று பார்த்தேன். மானிட்டரை வினோத் வீட்டுக்குக் கொண்டுபோகிற அன்று, அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போன நீ, திரும்பி வந்து என் முன்னால் நின்றாய். கை நிறைய அது இருந்ததால் உன் முகம் பாதிதான் தெரிந்தது. "அப்பா, நெசமாவே இதனாலதானா?" என்று கேட்டாய். நான் சொல்லுகிற ஒரு வார்த்தைக்காக நின்றாய். வெயிட்டான சாமான், இருந்தும் கீழே வைக்கவில்லை. நான் உன்னைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினேன்.

இல்லை தம்பி. அதனால் இல்லை.

வினோத் நம்பர் உன்னிடம் இருக்கிறது. முதலில் அவனைக் கூப்பிட்டுப் பேசு. என்னிடம் பேசுவதா வேண்டாமா என்று அப்புறம் யோசித்துக்கொள்.

அப்பா